ஊமைக் கீபோர்டுக்கு ஒரு மொட்டை

என் மாமாவுக்கு ஒரு குணம் உண்டு. எது கெட்டுப்போனாலும் ஏதோ பெரிய காரணத்தால்தான் கெட்டிருக்கும் என்று நம்புவார். சின்னக் காரணங்கள் அவர் கண்ணில் படவே படாது. ஜீப் நின்றால் எஞ்சின் போச்சு என்பார். டீசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கமாட்டார். இத்தனைக்கும் ஆள் முட்டாள் இல்லை. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; எங்கள் குண்டூர் நாட்டில் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு ஊர்களில் கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார். பகலெல்லாம் என் அப்பாவோடு மிளகுக்கொடியும் மரவள்ளியும். பொழுது சாய்ந்தால் கீபோர்டு. நாமக்கல்லில் யாரோ வாசித்துத் தள்ளிய பழைய பெட்டி அது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறியபோது கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்து தடவை வாந்தி எடுத்தாராம். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லையாம். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. ரேடியோவைக் கேட்டுக் கேட்டு விரலுக்கு வந்துவிட்டது.

ஒரு தடவை எங்கள் வீட்டுக் கோழி அந்தக் கீபோர்டின் மேல் ஏறி நடந்துவிட்டது. அது எந்தப் பொத்தானை மிதித்ததோ, சுருதி மாறிப்போயிற்று. அன்றைக்கு மாமாவோடு பாடுகிற ஜீப் டிரைவர் என்ன பாடினாலும் ஒட்டவில்லை. மாமா கீபோர்டைச் சந்தேகப்படுவாரா? டிரைவரின் தொண்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மூன்று நாள் மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதரும் கண்ணில் நீர் வழியக் குடித்துத் தொலைத்தார். நாலாம் நாள் நான்தான் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன். அதிலிருந்து எனக்கு நான் பெரிய மேதாவி என்ற எண்ணம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மாமாவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அரியூர் நாட்டில் ஒரு காதுகுத்துக்கு வாசிக்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் பாடுகிறவரைப் பார்க்க, அந்தப் பெண் மட்டும் இவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அவ்வளவுதான். வந்த மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனாள்.

பெண்ணின் அப்பா பண்பான மனிதர். ஆனால் கவலையை மறைக்கத் தெரியாதவர். "பையன் நல்ல பையன்தானுங்க, நான் இல்லீங்கல. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு நாலு பேரு கேட்டா என்னன்னுங்க சொல்றது? பொட்டி தட்டறான்னுங்களா?" என்று கேட்டாராம்.

அம்மாவுக்குச் சுருக்கென்றிருக்கிறது. அவள் லேசுப்பட்டவள் இல்லை. "ஏனுங்க, ஒருக்கா வந்து காதால கேட்டுட்டு அப்பறம் பேசுங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு, கடைசி நாளு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க. அதுக்கப்பறமும் வேண்டாம்னா நான் வாயே தொறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆக, மாமாவின் கல்யாணம் ஒரு மத்தியானக் கச்சேரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் எட்டு நாள், கோயில் மேளத்தைத் தவிர வேறு எந்த வாத்தியச் சத்தமும் ஊருக்குள் எழக்கூடாது. ரேடியோவைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவார்கள். கடைசி நாள் காலையில் காப்பு அவிழ்த்து, மஞ்சள் தண்ணி ஊற்றி முடிந்த பிறகுதான் பாட்டுக் கச்சேரி. மாமாவோ ஒரு நாள் வாசிக்காவிட்டால் விரல் மரத்துப்போச்சு என்று புலம்புகிறவர். வாழ்க்கையே தொங்கும்போது எட்டு நாள் எப்படிச் சும்மா இருப்பார்?

ஜீப் டிரைவரிடம் ஒரு ஹெட்போன் இருந்தது. அதை இரவல் வாங்கினார். அதன் நுனியில் இருந்த சொருகுகிற பின் ஒல்லி. கீபோர்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டையோ பெரிசு. செம்மேட்டுக்குப் போய்த் தேடி, ஒல்லிப் பின்னைச் செருகிக்கொள்கிற தடிப் பின் ஒன்றை வாங்கி வந்தார். விரல்நுனி அளவுதான் இருக்கும், பளபளவென்று. இரண்டையும் சேர்த்துக் கீபோர்டில் சொருகினால் சத்தம் முழுக்கக் காதுக்குள் போய்விடும், வெளியே ஒரு பொட்டுக்கூடக் கேட்காது.

மரவள்ளி மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. வெளியிலிருந்து பார்த்தால் மாமா கட்டைகளை டொக் டொக்கென்று தட்ட, நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் உள்ளே ஊரே கூடிப் பாடிக்கொண்டிருந்தது. அந்த எட்டு நாள் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனாலும் பயம் இருந்தது.

"சாமி கோவிச்சுக்காதா மாமா?"

"சத்தம் வெளிய வந்தாத்தானே கண்ணு? இது நம்ம ரெண்டு பேரு மண்டைக்குள்ளதான இருக்குது."

நான் பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு, தினமும் கோயிலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போது ஓடியே போனேன்.

கடைசி நாள் விடியற்காலையிலும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். "காப்பு அவுக்கப் போறாங்க, இன்னும் உள்ள என்னடா பண்ற?" என்று அம்மா கதவைத் தட்டியதும், பதறிப்போய் ஹெட்போன் ஒயரை வெடுக்கென்று பிடுங்கி மூட்டைக்குப் பின்னால் எறிந்தார். பனி பிடிக்காமல் இருக்கக் கீபோர்டை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனார்.

கோயிலுக்கு முன்னால் பலகை போட்டு மேடை. பலா மரத்தில் குழாய் ஸ்பீக்கர். மைக் செட்டுக்காரரிடம் கீபோர்டுக்குக் கொடுக்க ஒயர் இல்லை. அதனால் எப்போதும் போல ஒரு மைக்கை, கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் ஓட்டைக்கு முன்னால் வாய் பொத்துகிற மாதிரி வைத்தார்கள். பெண்ணின் அப்பா முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மேடைக்குப் பின்பக்கமாகப் பெண்களோடு நின்றது. மஞ்சள் தண்ணி பட்டுச் சேலை முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. அம்மா எங்கும் உட்காராமல் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தாள்.

மாமா மேடையேறிக் கும்பிட்டார். பெட்டியைப் போட்டார். சிவப்பு லைட் எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் வைத்து அழுத்தினார்.

டொக்.

மறுபடியும் அழுத்தினார். டொக் டொக். மைக்கில் அந்த டொக் மட்டும் பலா மரத்துக் குழாய் வழியாக மலைக்கே கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மைக் செட்டுக்காரர் தன் பேர் கெட்டுவிடக்கூடாதே என்று, "ஹலோ, ஹலோ, என்ற மைக் நல்லாத்தானுங்க இருக்குது" என்று அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பேட்டரிக் கட்டை தீர்ந்திருக்கும் என்றார்கள். லைட் எரிகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் இருந்த டார்ச் லைட்டுகளையெல்லாம் திறந்து கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மாற்றிப் போட்டார். டொக். பனி இறங்கியிருக்கும் என்று யாரோ சொல்ல, கீபோர்டை வெயிலில் காட்டினார்கள். சத்தம் வைக்கிற சக்கரத்தை மாமா முழுசாகத் திருகி வைத்தார். டிரைவர் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார், கஷாயத்துக்குப் பழிவாங்கினாரோ என்னவோ. கடைசியில் கீழேயிருந்து வேலைக்கு வந்திருந்த எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் எட்டிப் பார்த்து, "உள்ள ஐசி போயிருக்கும்ப்பா" என்றார். ஐசி என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது பெரிய காரணம் போல இருந்ததால் மாமா உடனே நம்பிவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

பெண்ணின் அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "நாலரைக்குப் பஸ்ஸுங்க அம்மிணி. அத விட்டா வேற இல்லீங்க" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அவரும் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பூசாரி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கீபோர்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"ஏன்டா, காப்புக் கட்டுனதுக்கப்பறம் இதத் தொட்டியா?"

மாமாவுக்குப் பொய் வராது. "தொட்டனுங்க. ஆனா சத்தம் வெளிய வரலீங்க. காதுல மாட்டிக்கிட்டுத்தான்..."

"ஊருக்குக் கேக்கல, சரி. ஆத்தாளுக்குமா கேக்காது?"

கூட்டம் மொத்தமும் 'ஆத்தாடி' என்றது. ஒரு காது மாமா, ஒரு காது நான். ஆத்தா கணக்கில் என் காதும் இருக்குமே! எட்டு நாள் தலையாட்டியதற்கு இப்போது மாமாவின் கல்யாணம் போச்சு, கீபோர்டு போச்சு. அடுத்தது என் காதுதான் என்று நினைத்து ஓவென்று அழுதேன். பூசாரி கற்பூரம் ஏற்றினார். மாமா மேடையிலிருந்து இறங்கி மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, பெட்டிக்குப் பேச்சக் குடுத்துரு, நாளைக்கே மொட்டை போட்டுர்றேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டார்.

ஊரே கோயிலைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டது. பெண்ணின் அப்பாவும் நின்று கும்பிட்டார். நான் மட்டும் ஆத்தாளைப் பார்க்கப் பயந்து மேடைப் பக்கம் திரும்பி நின்றேன். அதனால்தான் பார்த்தேன்.

அந்தப் பெண் கும்பிடவில்லை. பலகையோரமாக நகர்ந்து வந்து கீபோர்டின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது. பிறகு கையை நீட்டி, எதையோ சடக்கென்று உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டது. பளபளவென்று ஒரு மின்னல். அடுத்த நொடி பெண்களோடு பெண்ணாகக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

திருட்டு! பட்டப்பகலில், ஆத்தாளுக்கு முன்னாலேயே!

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா மேடையேறி, கீபோர்டின் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒற்றை விரலால் ஒரு கட்டையைத் தொட்டார். சக்கரம் முழுசாகத் திருகியிருந்ததல்லவா, பலா மரமே பிளந்ததுபோல ஒரு முழக்கம். நாய்கள் ஓடின. மைக் செட்டுக்காரர் துள்ளி விழுந்தார். "ஆத்தா!" என்று கூட்டம் அலறியது, இரண்டு பேருக்குச் சாமியே வந்துவிட்டது. மாமா அழுதுகொண்டே வாசித்தார். இன்றைக்கும் எங்கள் ஊரில், ஆத்தா கீபோர்டின் வாயைக் கட்டி அவிழ்த்த கதையைப் புதுசாக வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் சொல்வார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் மூன்று பேரும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வோம்.

பெண்ணின் அப்பா நாலரைப் பஸ்ஸை விட்டுவிட்டு, ஜீப்பில் போய்க்கொள்ளலாம் என்று மூன்று பாட்டுக் கேட்டார். கிளம்பும்போது அம்மாவிடம், "எனக்குக் கொறை ஒண்ணும் இல்லீங்க. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லியுடறேன்" என்றார்.

அதற்குள் நான் என் கடமையைச் செய்யப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். "எடுத்ததக் குடுங்க."

அது திடுக்கிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தது. உள்ளங்கையைக் கொஞ்சம் திறந்து காட்டியது. எங்கள் தடிப் பின்!

"இது உங்க மாமனோடதுங்களா சாமி?"

"ஆமா. குடுங்க."

"உங்கிட்டக் குடுக்கமாட்டேன் கண்ணு. அவரையே வந்து கேட்டு வாங்கிக்கச் சொல்லு. அவருகிட்ட மட்டும் சொல்லு, வேற யாருகிட்டயும் மூச்சு விடாத." சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

என்ன திமிர் பாருங்கள்! எடுத்ததும் இல்லாமல், உடையவனே வந்து கேட்க வேண்டுமாம். இந்தக் கைநீளக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு இருக்கிற ஒரே பென்சில் பெட்டியும் தங்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. மாமாவிடம் சொன்னால் அவர் போவார், பேசுவார், கல்யாணம் நடந்துவிடும். நான் சொல்லவே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மாமா மொட்டை போட்டுக்கொண்டார். அவர் தலை அவ்வளவு கோணல் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு எல்லோரும் அரியூர் நாட்டுச் சேதிக்காகக் காத்திருந்தார்கள். நாலு நாள் ஆயிற்று, ஏழு நாள் ஆயிற்று. அம்மா பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். மாமா கீபோர்டைத் தொடவில்லை. மிளகுக்கொடியைக் கட்டப் போனவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். "பொண்ணுக்குப் புடிக்கல போலக்கா. மேடையில நான் நின்ன லட்சணத்தப் பாத்தா யாருக்குத்தான் புடிக்கும்?" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துபோயிற்று. ஆனாலும் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் வாயை இறுக்கிக்கொண்டேன். எவ்வளவு பெரிய பாவி நான்!

பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, மனசு கேட்காமல் ஹெட்போனை எடுத்தார். உள்ளறையில் மூட்டையெல்லாம் புரட்டிப் போடுகிற சத்தம் கேட்டது. "அக்கா, இங்க ஒரு தடிப் பின்னு கெடந்துச்சே, பாத்தீங்களா? பளபளன்னு இருக்கும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல் இப்ப" என்றாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி, கதவைச் சாத்திவிட்டு, "அது அந்த அரியூரு அக்கா திருடிட்டுப் போயிருச்சு மாமா. என்ற கண்ணால பாத்தேன்" என்று கொட்டிவிட்டேன்.

"எங்கிருந்து எடுத்துச்சு?"

"பொட்டிக்குப் பின்னால இருந்து. நீங்க மண்ணுல உழுந்து கும்புட்டீங்கல்ல, அப்ப."

மாமா கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தார். அதன் நுனியில் ஒல்லிப் பின் மட்டும் இருந்தது. திரும்பிக் கீபோர்டின் பின்பக்கத்து ஓட்டையைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கியபோது ஒல்லிப் பின் மட்டும் கையோடு வந்திருக்கிறது. தடிப் பின் உள்ளேயே நின்றுவிட்டது. அது உள்ளே இருக்கிற வரைக்கும், ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே நினைத்துக் கீபோர்டு வாயைத் திறக்காது. அப்படியே மரவள்ளி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கை தானாக மொட்டைத் தலைக்குப் போயிற்று. காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன.

"இத்தன பேரு முன்னால... ஒரு பின்னுக்குப் போயி..." என்று முனகித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, "யாருகிட்டயாவது சொல்லுச்சா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"மூச்சு விடக்கூடாதுன்னுச்சு. உங்களையே வந்து கேட்டு வாங்கிக்கச் சொல்லுச்சு."

துண்டு கீழே விழுந்தது. "எப்பச் சொல்லுச்சு?"

"அன்னைக்கே."

மாமா என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அறையில் ஆள் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம். பட்டனை மாற்றி மாற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஈரம் சொட்டுகிற மொட்டைத் தலையோடு, மனிதர் பஸ்ஸுக்கு ஓடுகிறார். "எங்கடா இந்நேரத்துல?" என்று அம்மா கத்தினாள். "ஒரு சாமானக் கேட்டு வாங்கீட்டு வந்தர்றேங்க்கா!" என்றார் திரும்பிப் பார்க்காமலே.

பொழுது சாய்கிற பஸ்ஸில் அவர் திரும்பி வரும்வரை நான் ரோட்டோரத்திலேயே நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் முகத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் விட்டுத் தேடினேன். பஸ் டிக்கெட்தான் இருந்தது.

"பின்னு எங்க மாமா?"

"அது உங்க அத்தைகிட்டயே இருக்கட்டும் கண்ணு."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். எனக்கேது அத்தை? போன காரியம் ஒன்று, பேசுவது ஒன்று. திருட்டுக் கொடுத்தவன் திருடிய ஆளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து இப்படியா சிரிப்பான்? அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் அவருடைய மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு, என்னை அனுப்பியிருந்தால் கையோடு வாங்கி வந்திருப்பேன், உங்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.